செய்தவர் முதலில் ஏறுவார்

பரந்தன் சந்தியில் இருந்து முல்லைத்தீவு வீதியில் போய் முரசுமோட்டையில் வடக்கே திரும்பினால் இரண்டு பக்கமும் வயல். எல்லாம் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்கள். தை பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சில துண்டுகளில் அறுவடை இயந்திரம் இறங்கியிருந்தது, மற்றவற்றில் கதிர் தலைசாய்த்து நின்றது. வடக்கே போகப்போக நெல் மெலிந்து, ஒரு வரப்போடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் உவர்மண், உமரிப் பூண்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பனை, பிறகு தண்ணீர். ஆனையிறவில் தொடங்கிச் சுண்டிக்குளம் வரை கிழக்கே நீண்டு கிடக்கும் களப்பு அது. கண்டாவளை அதன் தென்கரை.

இந்தத் தண்ணீரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இங்கே செய்யப்படும் வள்ளத்தின் வடிவத்தை அதுதான் தீர்மானிக்கிறது. ஆடி, ஆவணியில் சோழகம் வீசி அடிக்கும்போது வந்து பார்த்தால் களப்பின் பல இடங்களில் தண்ணீரே இராது. வெடித்த சேறும் அதன்மேல் உப்புப் பூத்த வெள்ளையும்தான் கண்ணுக்கெட்டிய தூரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கனகராயன் ஆறும் நெத்தலி ஆறும் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும். நீர்மட்டம் ஏறி, சுண்டிக்குளத்தில் மணல்திட்டை உடைத்துக்கொண்டு கடலோடு சேரும். திறந்த வாயால் கடல் இறால் குஞ்சுகள் உள்ளே வந்து, நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலந்த இடத்தில் வளரும். மாரி முடிந்து தண்ணீர் மெல்ல வற்றத் தொடங்கும் வரையுள்ள சில மாதங்கள்தான் இந்தக் கரையின் தொழில் காலம். அந்தக் காலத்திலும் ஆழம் பெரும்பாலும் முழங்கால், இடுப்பு. நெஞ்சளவு தண்ணீர் என்றால் அது ஆழமான இடம்.

இப்படிப்பட்ட தண்ணீருக்கு ஒரு புது வள்ளம் இறங்குகிறது என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். செய்கிறவர்களோடு சில நாள் இருந்து, இறக்கும் நாளில் அதில் ஏறவும் அனுமதி கேட்டிருந்தேன்.

பட்டறை என்று சொன்னாலும் அது பனைகளுக்கு நடுவே நாலு பக்கமும் திறந்த ஒரு தகரக் கொட்டகை. நடுவில் அச்சு. வள்ளத்தைக் கவிழ்த்து எடுத்த வார்ப்பு அது. உள்பக்கம் மெழுகு பூசி, துணியால் தேய்த்துத் தேய்த்து மினுக்கியிருந்தார்கள். மெழுகு ஒரு இடத்தில் விட்டுப்போனாலும் வள்ளம் அச்சோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு இரண்டையும் உடைக்கவேண்டியதுதான். பட்டறைக்காரர் தன் முழங்கையின் உள்பக்கத்தால் அச்சைத் தடவிப் பார்த்தார். உள்ளங்கை காய்த்துப் போனதால் அதை நம்புவதில்லை என்றார்.

அண்ணை என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். ஐம்பதைத் தாண்டியவர், ஊர் குருநகர். 1995 ஐப்பசியில் வலிகாமமே கால்நடையாக வெளியேறியபோது கிளாலி வழியாக வன்னிக்கு வந்தவர், இங்கேயே கலியாணம் செய்து இங்கேயே இருந்துவிட்டார். தொழிலை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் காரைநகர் சீநோரில் வேலை செய்த ஒருவர். சீநோர் என்ற பெயரைச் சொல்லும்போது அண்ணையின் குரலில் ஒரு மரியாதை வந்துவிடுகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராசேந்திரம் 1956 இல் நோர்வே போனவர். அங்கே மீன்பிடித் தொழிலைக் கண்டு, அந்த நாட்டு மக்களிடம் உதவி திரட்டி 1967 இல் ஆரம்பித்ததுதான் சீநோர் நிறுவனம். காரைநகரில் கண்ணாடி நார் வள்ளம் கட்டும் தளம், குருநகரில் வலை ஆலை. பலகையும் ஆணியும் கயிறும் மட்டுமே தெரிந்த வடபகுதிக் கரைகளுக்கு ரெசின் வள்ளம் பழக்கமானதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. யுத்தம் தளத்தைத் தின்றது. ஆனால் அங்கே பழகிய கைகள் இடம்பெயர்ந்த இடமெல்லாம் தொழிலைக் கொண்டுபோயின. கண்டாவளைக் கொட்டகை அந்த வழியில் வந்த ஒன்று.

"வன்னிக்க அந்த நேரம் ரெசினும் இல்லை, மாட்டும் இல்லை. ஒட்டுப் போடுறதுதான் வேலை. ஒரு செத்த வள்ளத்தை வெட்டி மூண்டு வள்ளத்துக்கு ஒட்டுப் போட்டிருக்கிறன்," என்றார் அண்ணை.

இப்போது பொருள் வருகிறது, விலைதான் பிரச்சினை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வெளிநாட்டில் இருந்து இறக்கும் எதுவும் பழைய விலைக்குத் திரும்பவில்லை. ரெசின், மாட், ரெசினை இறுகவைக்கும் ஹாட்னர் எல்லாமே இறக்குமதி.

அச்சில் முதலில் ஜெல்கோட் பூசுவார்கள். வெளியே நாம் பார்க்கும் நிறமும் மினுக்கமும் அதுதான். இந்த வள்ளத்துக்கு நீலம். அது கையில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பக்குவத்தில் மாட் விரிக்க வேண்டும். மாட் என்பது நறுக்கிய கண்ணாடி நார்களை ஒழுங்கில்லாமல் பரப்பி அழுத்திய வெள்ளை விரிப்பு. முதலில் மெல்லியது, பிறகு தடித்தது, நடுவில் ஒரு அடுக்கு நெய்த நார்த் துணி. ஒவ்வொரு அடுக்கிலும் ரெசினை ஊற்றிப் பிரஷ்ஷால் குத்தி, ரோலரால் உருட்டிக் காற்றை வெளியேற்றுவார்கள். வெள்ளையாக இருக்கும் மாட் ரெசினைக் குடித்ததும் கண்ணாடிபோல் தெளிந்துவிடுகிறது. எங்காவது வெள்ளை தெரிந்தால் அங்கே காற்று இருக்கிறது. காற்று இருந்த இடத்தில் பின்னொரு நாள் தண்ணீர் இருக்கும்.

மாட் வெட்டுவதும் ஹாட்னர் கலப்பதும் ஒரு அக்காவின் பொறுப்பு. போரில் கணவரை இழந்தவர், இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். இந்தக் கொட்டகையில் பொறுப்பு அதிகம் உள்ள வேலை அவருடையது என்பது என் கணிப்பு. ரெசின் நூறு பங்குக்கு ஹாட்னர் ஒன்றோ இரண்டோ பங்கு. கூடினால் வாளிக்குள்ளேயே சூடேறிக் கட்டியாகிவிடும், குறைந்தால் நாள் முழுக்கப் பிசுபிசுத்துக் கிடக்கும். வெயிலுக்கு ஏற்ற மாதிரி அளவு மாறும். அக்கா அளப்பது ஒரு மருந்துப் போத்தல் மூடியால். விடியற்காலையில் ஒரு அளவு, பத்து மணிக்குக் குறைத்து ஒரு அளவு, பதினொன்றுக்குப் பிறகு வேலையே இல்லை. ஹாட்னர் போத்தலைக் கொட்டகையின் ஒரு மூலையிலும் இறுகலை விரைவாக்கும் கோபால்ட் போத்தலை எதிர் மூலையிலும் வைத்திருந்தார். அந்த இரண்டும் ரெசின் இல்லாமல் நேரடியாகச் சந்தித்தால் வெடிக்கும். "என்ர பிள்ளையள் பள்ளிக்கூடம் விட்டு இஞ்சதான் வருவினம். அதால ஒண்டை உயரத்தில கட்டி வைச்சிருக்கிறன்," என்றார்.

அவர் முகத்தில் கட்டியிருந்தது துணி முகமூடி. ரெசினில் இருந்து எழும் ஸ்டைரீன் ஆவியைத் துணி தடுக்காது. கரி வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். தலையிடியும் கண்ணெரிவும் வேலையோடு வருகிறவை என்று இவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கொட்டகைக்குச் சுவர் இல்லாதது மட்டுமே இப்போதைக்குக் காப்பு. வள்ளத்துக்குப் பதிவு இருக்கிறது, இலக்கம் இருக்கிறது, பரிசோதனை இருக்கிறது. அதைச் செய்கிறவரின் மூச்சை யாராவது பரிசோதிக்க வேண்டும். கடற்றொழில் அமைப்புகள் வலைக்கும் இயந்திரத்துக்கும் மானியம் கேட்கும்போது இந்த முகமூடிகளையும் சேர்த்துக் கேட்கவேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன்.

இறுகிய வள்ளத்தை அச்சில் இருந்து கழற்றிய பிறகு அண்ணை செய்த காரியம் ஒன்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் இருந்து ஒரு நாணயத்தை எடுத்து, வள்ளத்தின் அடியெல்லாம் விரல் இடைவெளிக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் 'டிக்' என்று கூர்மையாகக் கேட்கும். அடுக்குகளுக்கு இடையில் காற்று இருந்தால் சத்தம் மழுங்கிவிடும். வலப்பக்க வளைவில் ஓரிடத்தில் மழுங்கியது. எனக்கு அது தெரியவே இல்லை. திரும்பத் திரும்பத் தட்டிக் காட்டிய பிறகுதான் பிடிபட்டது. பென்சிலால் வட்டம் போட்டு, அந்த அளவுக்கு வெட்டியெடுத்து, விளிம்பைச் சரிவாக அராவி, மாட் வைத்து மூடினார்கள். பாதி நாள் போனது. வாங்குகிறவர் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருக்கவே மாட்டார்.

"அவர் கண்டுபிடிக்கமாட்டார். தண்ணி கண்டுபிடிக்கும்," என்றார் அண்ணை.

வாங்குகிறவர் அதே ஊர். இறால் கூடும் சிறகுவலையும் போடுகிறவர். இந்த வள்ளத்துக்கு அவர் சொன்ன அளவு பதினாறு அடி, அடி தட்டையாக இருக்கவேண்டும், வெறும் வள்ளத்தை இரண்டு பேர் தூக்கித் திருப்பக்கூடியதாக இருக்கவேண்டும். மீள்குடியேறிய காலத்தில் உதவியாகக் கிடைத்த வள்ளம் ஒன்று அவரிடம் இருந்தது. அதைப் பற்றி அண்ணை சொன்னார்: "நல்ல வள்ளம், பழுது சொல்லக்கூடாது. ஆனா அது பெருங்கடலுக்குச் செய்தது. அலையை வெட்டக் கூர் அடி வைச்சுக் கிடக்கு. இஞ்ச வெட்டுறதுக்கு அலை எங்க? சேத்தில குத்திக்கொண்டு நிண்டிடும். நாலு பேர் இறங்கித் தள்ளவேணும்."

இயந்திரம் இப்போதைக்கு இல்லை. பின்பலகையை மட்டும் பலமாகச் செய்யச் சொல்லியிருந்தார், பிறகு பூட்டலாம் என்று. 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்கு ஏறியதைக் கரையோரத்தில் யாரும் மறக்கவில்லை. எங்கள் வள்ளங்களின் இயந்திரங்கள் ஓடுவது அதில்தான். அந்த நாட்களில் இவர் மரக்கோலுக்குத் திரும்பினார். ஆழமில்லாத தண்ணீரில் கோல் போதும் என்று கண்டுகொண்டபின் அப்படியே விட்டுவிட்டார்.

இன்னொன்றும் கேட்டிருந்தார். வள்ளத்தின் விளிம்பு நெடுகக் கயிற்று வளையங்கள். மீன்பிடிக்கு அது தேவையில்லை. 2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சி மாவட்டத்தில் மிக மோசமாக அடிபட்ட இடங்களில் கண்டாவளைப் பிரிவும் ஒன்று. இரணைமடு வான்கதவுகள் திறந்திருந்த நேரம். வயலும் வீதியும் ஒன்றாகிப்போன அந்த இரவில் இவருடைய பழைய வள்ளம் களப்பை விட்டு ஊருக்குள் ஓடியது. தண்ணீருக்குள் நின்றவர்கள் பிடித்துத் தொங்க அந்த வள்ளத்தில் ஒன்றும் இருக்கவில்லை. விளிம்பு வழுக்கியது. அதனால்தான் வளையம். "மீனுக்கு மட்டும் எண்டால் எனக்கு உது தேவையில்லை அண்ணை. சனத்துக்கும் வேணும்," என்று அவர் சொன்னதை அண்ணை எனக்கு அப்படியே ஒப்பித்தார். மேலதிகக் காசு வாங்காமல் வளையம் போட்டிருந்தார்.

இறக்கும் நாள் காலையில் வள்ளம் லாண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏறியது. பெட்டியைவிட வள்ளம் நீளம், அணியம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வரப்போர வழியில் குலுங்கிக் குலுங்கி வந்த அதன் பின்னால் ஊர்ச் சிறுவர்கள் ஓடிவந்தார்கள். அணியத்தின் இரண்டு பக்கமும் 'நாகதம்பிரான் துணை' என்று எழுதியிருந்தது. புளியம்பொக்கணை நாகதம்பிரான் இந்தப் பக்கத்து மக்களின் கண்கண்ட தெய்வம். பங்குனியில் அங்கே பொங்கல் என்றால் வன்னி முழுக்க வண்டி கட்டும். வாங்குகிறவரின் தாயார் சந்தனமும் குங்குமமும் வைத்து, அணியத்துக்கு ஒரு முழம் மல்லிகை கட்டினார். தேங்காயை வள்ளத்தில் அடிக்கவில்லை, பக்கத்தில் கல் போட்டு அதில் உடைத்தார்கள். கிறிஸ்தவரான அண்ணை ஒதுங்கி நின்று சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு கற்பூரத் தட்டையும் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். இரண்டும் அவருக்கு வேண்டியிருந்தது.

வள்ளம் தண்ணீரில் இறங்கியதும் எல்லோரும் விலகி நின்றார்கள். அண்ணை மட்டும் ஏறினார்.

இது அவருக்கு அவருடைய ஆசிரியர் வைத்த கட்டளை. காசு கொடுத்தவர் ஏறுவதற்கு முன் செய்தவர் ஏறவேண்டும். தனியாக ஏறவேண்டும். பெரிய கப்பல் உலகிலும் இந்த வழக்கம் உண்டு. டைட்டானிக் 1912 ஏப்ரல் 10 இல் முதல் பயணம் புறப்பட்டபோது அதை வடிவமைத்த தோமஸ் அன்ட்ரூஸ் கப்பலில் இருந்தார். அவரோடு பெல்பாஸ்ட் ஹார்லண்ட் அன்ட் வூல்ஃப் கட்டுமானத் தளத்தின் தொழிலாளர்கள் எட்டுப் பேர். பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த இளைஞர்களும் அதில் அடக்கம். புதுக்கப்பலில் எங்கே கதவு இறுகுகிறது, எங்கே குழாய் ஒழுகுகிறது என்று பார்த்துத் திருத்துவதுதான் அவர்களின் வேலை. ஒன்பது பேரில் ஒருவரும் திரும்பவில்லை. அந்தக் கப்பலைப் பற்றி எத்தனையோ கதைகள் சொல்லப்படுகின்றன. தாங்கள் செய்ததில் தாங்களே ஏறிப்போன இந்த ஒன்பது பேரின் கதை எனக்கு எல்லாவற்றிலும் பெரிது.

எங்கள் கரையிலும் சான்று உண்டு. 1930 இல் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை, உலகைச் சிறு பாய்மரப் படகில் சுற்றிவந்த அமெரிக்கரான வில்லியம் ரொபின்சன் வாங்கினார். தண்டையல் தம்பிப்பிள்ளையின் தலைமையில் வல்வெட்டித்துறை மாலுமிகள் அதில் புறப்பட்டார்கள். புளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று பெயர் மாறி, சுயெஸ் கால்வாயும் அத்திலாந்திக்கும் கடந்து, 1938 ஆகஸ்ட் 1 இல் மசச்சூசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தை அது அடைந்தது. அதைக் கட்டிய தச்சர் யாரும் அத்திலாந்திக்கைக் காணவில்லை. அவர்களுடைய ஊரார் கண்டார்கள். கப்பல் தாங்கும் என்று கட்டியவர்களை அறிந்தவர்களே நம்பி ஏறியது பெரிய அத்தாட்சி.

2023 ஆனியில் எம்பிரஸ் என்ற உல்லாசப் பயணக் கப்பல் சென்னையில் இருந்து வந்து காங்கேசன்துறைக்கு வெளியே நின்றது. எல்லோருக்கும் புதினமாக இருந்தது. எங்களுக்குப் புதிதாகத் தெரிந்த அந்தக் கப்பல் 1990 இல் பிரான்சின் செயின்ட் நசேர் தளத்தில் கட்டப்பட்டது. அதன் உண்மையான முதல் நாளில், நீச்சல் தடாகத்துக்குத் தண்ணீர் விடுவதற்கும் முன்பே, ஒரு கூட்டம் தொழிலாளர்கள் அதன் அடித்தளத்தில் எண்ணெய்க் கையோடு நின்றிருப்பார்கள். பயணச்சீட்டு வாங்கி ஏறுகிறவர்கள் அந்தக் கூட்டத்தைக் காண்பதில்லை. கண்டாவளையில் அதைக் காண முடிந்தது. ஏனென்றால் இங்கே அந்தக் கூட்டம் ஒரே ஒருவர்.

அண்ணை செருப்பைக் கரையில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடுவில் நின்றார். முதலில் அசையவே இல்லை. வள்ளம் தன் இடத்தைத் தானே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டார். பிறகு இடக்காலில் பாரத்தைப் போட்டார். இடப்பக்கம் தாழ்ந்தது. சட்டென்று காலை எடுத்தார். வள்ளம் நிமிர்ந்து, மறுபக்கம் கொஞ்சம் சாய்ந்து, அடங்கியது. வலப்பக்கமும் அப்படியே. அணியத்துக்குப் போய்க் குந்தினார், பின்பலகையில் போய்க் குந்தினார். குறுக்குப் பலகைகளின் மூட்டுகளைக் கையால் தடவினார். பிறகு முழங்காலில் இருந்து, அடியில் காதை வைத்துக் கேட்டார். கரையில் ஒருவரும் பேசவில்லை. அக்கா சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் கலந்த ரெசின் அல்லவா அங்கே கிடக்கிறது.

"வாங்கோ, ஏறுங்கோ," என்றார் அண்ணை.

வாங்குகிறவர் மரக்கோலோடு ஏறினார். அடுத்து நான். அக்காவை அண்ணைதான் கூப்பிட்டார். முதலில் மறுத்தவர், அந்தத் தாயார் கையைப் பிடித்து ஏற்றியதும் ஏறி அணியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை வள்ளத்துக்கு மாட் வெட்டியும் ஒன்றிலும் தண்ணீரில் போனதில்லை என்று பிறகு சொன்னார்.

புது வள்ளத்தில் ரெசின் மணம் இன்னும் இருந்தது. மல்லிகையும் சேறும் அதோடு கலந்தன. வாங்குகிறவர் பின்பக்கம் நின்று கோலை ஊன்றித் தாங்கினார். கோல் சேற்றில் புதைந்து, வள்ளம் முன்னே போனபின் உருவிக்கொண்டு வரும். ஒவ்வொரு தாங்கலுக்கும் அணியம் மெல்ல எழும்பி இறங்கியது. அடி அவ்வளவு மெல்லியதாக இருந்ததால், அதன்கீழ் ஓடும் தண்ணீர் கால்களுக்குத் தெரிந்தது. பார்க்கும்போது தடிப்பாக இருந்த சுவருக்கு அப்பால் உடனே தண்ணீர்தான் என்பது ஏறினால்தான் விளங்குகிறது.

கரையில் இருந்து விலகியதும் வாடைக்காற்று முகத்தில் அடித்தது. தொழில்காரர் நட்ட தடிகள் வரிசையாகத் தெரிந்தன. சிறகுவலை கட்டும் தடிகள், இறால் கூட்டுக்கு அடையாளத் தடிகள். ஒவ்வொரு தடியும் யாருடையது என்று அவர் அறிவார். கிழக்கே சுண்டிக்குளம் பக்கம் தண்ணீர் விளிம்பில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. பூநாரைகள். அந்தப் பக்கம் 1938 இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. பறவைக்கும் மனிதருக்கும் ஒரே தண்ணீர்தான் சாப்பாடு தருகிறது என்பதால் எல்லை பற்றிய பேச்சு இந்தக் கரையில் ஓய்வதில்லை. தொழில்காரர் சொல்லும் எல்லையையும் கேட்டுக் கோடு போடவேண்டும் என்பதே என் எண்ணம். எந்தத் தண்ணீரில் எந்த மாதம் யார் இருப்பார்கள் என்று அவர்களிடம் உள்ள கணக்கு வேறு எங்கும் எழுதப்படவில்லை.

ஒரு கூட்டைத் தூக்கிப் பார்த்தோம். வெள்ளை இறால்கள் துள்ளின, நாலைந்து திரளி, கூடவே ஒரு யப்பான் மீன். யப்பான் மீன் மாரியில் குளத்தில் இருந்து வெள்ளத்தோடு வந்துவிடும், உப்பு ஏறும்வரை இருக்கும் என்றார் வாங்குகிறவர். புது வள்ளத்தில் விழுந்த முதல் மீனை வீட்டுக்கு எடுக்காமல் தாயாருக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒதுக்கி வைத்தார். அண்ணை இதில் எதையும் பார்க்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது வாங்குகிறவரின் கால்களை.

கூட்டை இறக்கிவிட்டு வள்ளத்தைத் திருப்பக் கோலை அழுத்தி ஊன்றியபோதுதான் அது நடந்தது. கூட்டில் இருந்து வடிந்த தண்ணீரும் சேறும் அடியில் பரவியிருந்தன. அவருடைய வலக்கால் சறுக்கியது. விழவில்லை, கோலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். வள்ளம் ஒருமுறை நன்றாகச் சாய்ந்து நிமிர்ந்தது. அக்கா கயிற்று வளையம் ஒன்றைப் பிடித்திருந்தார்.

"ஒண்டுமில்லை அண்ணை, கால் வழுக்கினது," என்றார் அவர்.

"நில்லும். அசையாமல் அப்பிடியே நில்லும்."

அண்ணை பின்பக்கம் போய் அவருடைய காலடியில் குந்தினார். உள்பக்கம் அளவுக்கு மேல் மினுக்கமாக வந்திருந்தது. கடைசி அடுக்கு ரெசின் நன்றாக ஓடி மட்டமாக இறுகியதால் வந்த மினுக்கம். பட்டறையில் எல்லோரும் பாராட்டிய அதே மினுக்கம். இருந்து இயந்திரம் ஓட்டுகிறவருக்கு அதனால் கெடுதல் இல்லை. நின்று கோல் தாங்குகிறவருக்கு அது ஆபத்து. வெள்ள நேரம் இருட்டில் ஆட்களை ஏற்றிக்கொண்டு தாங்கும்போது இப்படிச் சறுக்கினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அண்ணை காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். "இப்ப தாங்கும். வழமையாத் தாங்குற மாதிரி." அவர் கோலை ஊன்றினார். வலக்கால் பின்னே, பாதம் வெளியே திரும்பி, குதிக்கால் பின்பலகையை முட்டியபடி. இடக்கால் முன்னே ஒரு முழம் தள்ளி. அண்ணை அந்த இரண்டு பாதங்களையும் சுற்றிக் கோடு கீறினார். பிறகு, "மற்றப் பக்கம் திருப்பும்போது எப்பிடி நிப்பீர்?" என்று கேட்டு அதையும் கீறினார். ஈரத்தில் பென்சில் பிடிக்காத இடத்தில் நகத்தால் அடையாளம் வைத்தார்.

திரும்பி வரும் வழி முழுக்க அண்ணையும் அக்காவும் அதைப் பற்றியே பேசினார்கள். அந்த இடங்களை அராவி மினுக்கத்தை எடுத்து, ஒரு பூச்சு ரெசின் பூசி, அது இறுகுமுன் மணலைத் தூவிவிட வேண்டும். எந்த மணல் என்பதில் இருவருக்கும் கருத்து வேறு. அண்ணை ஆற்று மணல் என்றார். அக்கா அதில் களி கலந்திருக்கும், ரெசின் பிடிக்காமல் கழன்றுவிடும் என்றார். கழுவி, காயவைத்து, நுளம்பு வலையில் அரித்து எடுத்தால் சரி என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். மணல் கூர்மையாக இருந்தால் வெறுங்காலைக் கிழிக்கும் என்பதால் மேலே மெல்லியதாக இன்னொரு பூச்சு வேண்டும். அதற்கு ஹாட்னர் எவ்வளவு என்று அக்கா அப்போதே விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார்.

கரையில் தாயார் பொங்கல் வைத்திருந்தார். தர்மபுரத்தில் இருந்து வந்து நின்ற ஒருவர் வள்ளத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதே அளவில் தனக்கும் ஒன்று வேண்டும், இன்றைக்கே முற்பணம் தரலாம் என்றார். அண்ணை காசை வாங்கவில்லை. "நீங்கள் எப்பிடித் தாங்குறனீங்கள் எண்டு நான் முதல் பார்க்கவேணும். வாற கிழமை உங்கட பக்கம் வாறன்," என்று சொல்லி அனுப்பினார்.

மிச்சப் பணத்தைக் கொடுக்க வாங்குகிறவர் சுருக்குப் பையை எடுத்தார். அதையும் இப்போது வேண்டாம் என்றார் அண்ணை. வேலை முடியவில்லை, முடிந்த பிறகு தந்தால் போதும்.

"ரெண்டு நாள் ஓடுங்கோ. வேற என்னென்ன வழுக்குது, எங்க இடிக்குது எண்டு பாருங்கோ. ஞாயிறு விடியக் கொட்டிலுக்குக் கொண்டுவாங்கோ, எல்லாத்தையும் சேர்த்துச் செய்யலாம். வெயில் ஏறமுந்தி வந்திடவேணும்," என்றார்.

"அடியைக் கழுவிக் காயவைச்சுக் கொண்டுவாங்கோ," என்றார் அக்கா. "ஈரத்தில ரெசின் பிடிக்காது."